நத்தைத் தீனியில் நான் கலந்தது

நத்தைக்குத் தவிட்டோடு என்னென்ன இலைப்பொடி சேர்க்கலாம் என்று கேட்டு எனக்கு இப்போதும் போன் வருகிறது. கல்யாண முருங்கை, துத்தி, பப்பாளிக் கொழுந்து, எல்லாம் நிழலில் காய்ந்ததாக இருக்க வேண்டும், ஒரு பேசின் தவிட்டுக்கு ஒரு கைப்பிடி என்று மடமடவென்று ஒப்பித்துவிடுவேன். "ரொம்ப அனுபவம் போல சார்" என்பார்கள். அனுபவம்தான். யாருடைய அனுபவம் என்று அவர்கள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் நீளும் என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்திருந்தேன். இன்றைக்கு நீட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் சமையல்காரன். கொடைக்கானலில் இருபத்திரண்டு வருடம் ஓட்டல் அடுப்படியில் நின்றவன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன், "மாஸ்டர்" என்றால்தான் திரும்புவேன், அப்படிப் பழகிவிட்டது. முட்டி தேய்ந்து இனி நிற்க முடியாது என்று ஆனபோது, ஆடலூர்ப் பக்கம் மனைவி வழியில் வந்த இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்தில் வந்து உட்கார்ந்தேன். மனைவி கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் வார்டன். சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்குவாள், ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்து, சமைத்து வைத்துவிட்டுச் சாயங்கால பஸ் ஏறிவிடுவாள். மற்ற நாளெல்லாம் நானும் காப்பிச் செடியும்தான். அடுப்படியில் எட்டுப் பேரை அதட்டிக்கொண்டிருந்தவனுக்குச் செடியை அதட்டி என்ன ஆகப்போகிறது.

நத்தை யோசனையைக் கொண்டுவந்தவர் நான் கடைசியாக வேலை பார்த்த ரிசார்ட்டின் முதலாளி. வெளிநாட்டு விருந்தாளிகளுக்காக டின்னில் அடைத்த நத்தையை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டிருந்தார். "நீங்களே வளத்துக் குடுங்க மாஸ்டர், ஃப்ரெஷ்ஷா இருந்தா அதோட மரியாதையே வேற" என்றார். நானும் சரியென்று செங்கல்லில் நான்கு தொட்டி கட்டி, மண் நிரப்பி, மேலே பச்சை வலை போட்டேன். கீழே அய்யம்பாளையம் பக்கம் வயல் நத்தையை மூலத்துக்கு நல்லது என்று வேகவைத்துத் தின்கிறவர்கள் உண்டு. ஆனால் மலையில் நத்தை என்றால் விரோதி. காப்பிக் கன்றையும் வாழையையும் மேய்ந்துவிட்டுப் போகும் சனியன்.

"நாங்க வெள்ளனே எந்திரிச்சு ஒண்ணொண்ணாப் பொறுக்கி உப்புல போட்டுக்கிட்டுக் கெடக்கோம். நீங்க தீனி வச்சு வளக்குறீங்களாக்கும்" என்று பஸ் நிறுத்தத்து டீக்கடையில் கேலி பேசினார்கள். அந்தக் கடைதான் எங்கள் பக்கத்துக்கு நீதிமன்றம், பத்திரிகை ஆபீஸ் எல்லாம். அங்கே காலையில் ஒன்றைச் சொன்னால் மத்தியானத்துக்குள் மூன்று மேடு தாண்டிப் போய்விடும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு மாதம் கேலி பேசியவர்கள் சொன்னபடிதான் நடந்தது. வத்தலக்குண்டு மார்க்கெட்டிலிருந்து கழிவுக் கோசு, சவ்சவ், பூசணி என்று மூட்டை மூட்டையாக இறக்கினேன். முட்டை ஓட்டை இடித்துத் தூவினேன். நத்தை வளரவே இல்லை. ஓட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சிறு பூச்சி ஓடியது. தொட்டியைத் திறந்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம். மருந்து அடிக்கலாம் என்றால் முதலாளி கூடாது என்றுவிட்டார். எதைச் சேர்த்தாலும் செடியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், விருந்தாளிகள் கேட்பார்கள் என்றார்.

அப்போதுதான் அவள் களை வெட்ட வந்தாள். மேலே காட்டோரம் பளியர் பழங்குடிக் குடியிருப்பில் வீடு. நாற்பது வயது இருக்கும். காட்டிலிருந்து கல்பாசி, தேன், கீரை கொண்டுவந்து விற்பாள், ஆட்டுக்கு வயிறு உப்பினால் இலை அரைத்துக் கொடுப்பாள், அதற்காகவே எஸ்டேட் ஆட்கள் அவளைத் தேடிப் போவார்கள். அவள் புருசன் தேன் எடுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைப் புரட்டிப் போட, வெளிக்குப் போக வைக்க, கஞ்சி ஊட்ட அவள் ஒருத்திதான். அதனால் தூரத்து எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்கப் போக முடியாமல் பக்கத்திலேயே கிடைக்கிற கூலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் தொட்டிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். "எதுங்க அய்யா போடுறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "அதுகளுக்குப் புடிக்குமான்னு கேட்டீங்களா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நத்தையிடம் எப்படியம்மா கேட்பது என்றேன். "நான் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி களை வெட்டப் போய்விட்டாள்.

அடுத்த நாள் சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது மடியிலிருந்து பத்துப் பதினைந்து வகை இலையை எடுத்துத் தொட்டிக்குள் வரிசையாக அடுக்கிவிட்டுப் போனாள். காலையில் வந்து ஒவ்வொரு இலையாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நரம்பு வரைக்கும் தின்னுருந்தா அது நல்ல எலைங்க. ஓரத்தக் கடிச்சுட்டு விட்டிருந்தா ஒதவாது. பக்கத்துலயே வரலைன்னா அத நாமளும் தொடக்கூடாது." இப்படியே பத்து நாள் அடுக்கினாள். கடைசியில் மிஞ்சியவைதான் நான் இப்போது போனில் ஒப்பிக்கிற இலைகள். எனக்குப் பெயர் தெரியாத ஒரு கொடியும் உண்டு, அதைப் போனில் சொல்வதில்லை. நிழலில் காயவைத்து, உரலில் இடித்து, தவிட்டில் கலந்து போட்டாள்.

இரண்டே மாதத்தில் நத்தை திரண்டது. பூச்சி போனது. நாற்றம் போய் மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசம்தான் தொட்டியில் இருந்தது. எங்கள் மலையில் எல்லோரும் எல்லாவற்றையும் தெரிந்தவர்கள்தான். ஆனால் தின்கிற ஜீவனிடம் கேட்டுவிட்டுச் செய்த ஒரே ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதலாளி ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு அசந்துபோனார். தாண்டிக்குடிப் பக்கம் இன்னும் இரண்டு இடத்தில் தொட்டி போடப் போவதாகவும், எல்லாவற்றுக்கும் தீனி இவளே தயார் செய்யட்டும் என்றும், மாதச் சம்பளம் தருவதாகவும் சொன்னார். இலை பறிப்பதும் இடிப்பதும் இங்கேயேதான், மூட்டையை ஜீப் வந்து ஏற்றிக்கொள்ளும். அவள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "மத்தியானம் வீட்டுக்குப் போயிரலாமாங்க?" என்று மட்டும் கேட்டாள். போகலாம் என்றார். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த முறை அவர் வரும்போது எல்லாம் பேசி முடிப்பதாக ஏற்பாடு.

போகும் முன் முதலாளி பத்து நத்தையை வேகவைக்கச் சொல்லித் தின்று பார்த்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் லேசாக மண் வாடை அடிக்கிறது என்றார். நத்தையைப் பூண்டும் வெண்ணெயும் போட்டுத்தான் பரிமாறுவார்கள். "வெளியே தடவுற பூண்டு எல்லாரும் தடவுறதுதான். ஃப்ளேவர் உள்ளேர்ந்தே வரணும். உங்களுக்குத் தெரியாததா மாஸ்டர்?" என்றார்.

உங்களுக்குத் தெரியாததா. அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அந்தத் தோட்டத்தில் எல்லாம் தெரிந்தவள் அவள், நான் மூட்டை தூக்குகிறவன். பூண்டு என்றால் என் அடுப்படி, என் ராஜ்ஜியம். அதுவும் எங்கள் மலைப்பூண்டு! அதன் காரத்துக்கும் வாசனைக்கும் ஈடு உண்டா என்று இருபத்திரண்டு வருடம் விருந்தாளிகளிடம் பீற்றிக்கொண்டவன் நான். மேல்மலையிலிருந்து வரும் வியாபாரியிடம் உடைந்த பூண்டாக ஒரு சாக்கு வாங்கினேன். "நத்தைக்கா? எங்க பூண்டுக் காட்டுப் பக்கம் நத்தையே ஏறாதேண்ணே" என்றார் அவர். பச்சைப் பூண்டுக்குத்தான் அந்தக் காரம், காயவைத்துப் பொடித்தால் அடங்கிவிடும் என்று அவருக்கே பாடம் எடுத்து அனுப்பினேன்.

காயவைத்துப் பொடித்து, முதலில் ஒரு சிட்டிகைதான் சேர்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வழக்கம்போலத் தின்றன. நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? பொடியை ஓர் இலையில் வைத்து வரிசையில் வைத்திருக்க வேண்டும். காலையில் பார்த்திருக்க வேண்டும். அவள் வழி அதுதான். ஆனால் அவளிடம் சொன்னால் "கேட்டீங்களா?" என்பாள். மாஸ்டர் யாரைக் கேட்டுத் தாளிப்பார்? முதலாளி புதன்கிழமை வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வரமாட்டாள். மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, சிட்டிகையை இரண்டு கையாக்கி நான்கு தொட்டிக்கும் கலந்து போட்டேன். கலக்கும்போது கம்மென்று எழுந்த வாசத்தில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

திங்கட்கிழமை அவள்தான் முதலில் வலையைத் தூக்கினாள். ஏற முடிந்தவை வலையில் ஏறித் தலைகீழாகத் தொங்கின. ஏற முடியாதவை ஓட்டுக்குள் சுருங்கி, வாயில் நுரை தள்ளிக் கிடந்தன. அவள் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தாள். பிறகு என்னை ஒன்றும் கேட்காமல், உயிர் இருந்தவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி ஓடைத் தண்ணீரில் அலசத் தொடங்கினாள். தொட்டித் தீனியை வழித்து வெளியே கொட்டினாள். மூன்று நாள் அதே சோலியாக இருந்தாள். அப்படியும் ஒரே ஒரு தொட்டி அளவுக்குத்தான் தேறியது.

புதன்கிழமை முதலாளி வந்தார். விஷயம் ஏற்கெனவே டீக்கடைக்கு எட்டி, வேடிக்கை பார்க்க அங்கிருந்து நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். குவித்து வைத்திருந்த ஓடுகளைப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர் போட்டீங்க?" என்றார்.

வாயைத் திறந்தேன். பூண்டு என்று சொல்லத்தான் திறந்தேன், சத்தியமாக. ஆனால் அத்தனை பேர் நிற்கிறார்கள். இவனெல்லாம் ஒரு மாஸ்டரா என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்துவிடுமோ என்ற பயம். "இந்தம்மாதான் ஏதோ புது எலை கலந்திருக்கா போல" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "புது எலை ஒண்ணும் போடலீங்க. அதே எலைதாங்க" என்றாள். கேட்பாரில்லை. அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவள் சாக்கிலிருந்து ஒரு கை இலைப்பொடியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீர்கூட இல்லாமல் மென்றாள். உதட்டோரம் பச்சையாக வழிந்தது. விழுங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டு அடி தள்ளி எதிரே நின்றேன். என் விரலில் பூண்டு வாடை இன்னும் இருந்தது, கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது. நத்தைக்குச் செய்யுமோ என்னமோ, காட்டு எலைய யாரு கண்டா" என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். முதலாளி என்னைத் தனியே அழைத்து, "இவங்க வேண்டாம் மாஸ்டர், ரிஸ்க்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அவள் அன்றைய கூலியைக்கூட வாங்காமல் மேட்டில் ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தேறிய நத்தைகளுக்கு அவள் இடித்து வைத்துவிட்டுப் போன பொடியையே போட்டேன். பிழைத்து, திரண்டு, முட்டை வைத்தன. அதை முதலாளி கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. ஊர் பேசியதெல்லாம் வேறு. அவள் இலை கொல்லும் இலை என்றார்கள். ஆட்டுக்கு மருந்து கேட்டு ஒருவரும் மேடேறவில்லை. கீரைக் கூடையோடு அவள் டீக்கடைப் பக்கம் வந்து இரண்டு தடவை அப்படியே திரும்பிப் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். மூன்றாவது தடவை அவள் வரவில்லை.

கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "ஒரு பொய் சொன்னேன் சாமி" என்றேன். என்ன பொய், யார் தலையில் விழுந்தது என்று சொல்லவில்லை. ஒரு பொய்க்கு உண்டான ஜெபத்தைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். அங்கேயும் சிட்டிகையளவுதான் போட்டேன்.

கண்டுபிடித்தது மனைவிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைக்கும்போது அலமாரிக்குப் பின்னால் இருந்த டின்னைத் திறந்து, "எதுக்கு இவ்வளவு பூண்டுப் பொடி?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பள பொடியத் தின்னப்ப நீங்க எங்க நின்னீங்க?" என்றாள். எதிரேதான் என்றேன். அடுப்பை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டாள். அடுத்த இரண்டு வாரம் வரவில்லை.

முட்டி வலியோடு மேடேறினேன். அவள் வீட்டில் இல்லை. புருசன் மட்டும் கிடந்தார். கை எட்டும் தூரத்தில் கஞ்சிப் பானை, தண்ணீர்க் குடம், ஒரு பழைய டப்பா. அவள் மேட்டுக்கு அந்தப் பக்கம் தூரத்து எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்கப் போகிறாளாம், அங்கேயே தங்கிக்கொண்டு சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிறாளாம். நடுவில் பக்கத்து வீட்டார் நினைத்தால் எட்டிப் பார்ப்பார்களாம். அவர் முதுகில் புண் வந்திருந்தது, அந்த வாடை வாசல் வரை அடித்தது. நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "ஒக்காருங்க அய்யா, அவ நாளைக்கி வந்துருவா" என்று மரியாதையாகச் சொன்னார்.

மறுநாள் மறுபடி போனேன். அவள் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன், பூண்டு, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கை, எல்லாம். அவள் துவைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க. மோந்து பாத்தப்பயே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"நான் சொன்னா யாருங்க நம்புவா? நீங்களே சொல்லிருவீங்கன்னுதான் ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னேன்."

பழையபடி வேலைக்கு வா என்றேன். வரலீங்க என்றாள். முதலாளியிடம் பேசுகிறேன் என்றேன். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள். "எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. கடையில போய்ச் சொல்லுங்க. நாலு பேரு மறுபடி ஆட்டுக்கு எல கேட்டு வந்தாக்கூட நான் இங்கனக்குள்ளயே இருந்துக்குவேன், இவரப் பாத்துக்கிட்டு."

வீட்டுக்கு வந்ததும் முதலாளிக்குப் போன் செய்தேன். "அது பழைய கதை மாஸ்டர், அந்த வேலைக்கு ஆள் போட்டாச்சு. விடுங்க" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து டீக்கடைக்குப் போனேன். ஒரு டீயை வாங்கிக் குடித்துவிட்டு, உட்காராமல் நின்று, சத்தமாகவே சொன்னேன். நத்தையைக் கொன்றது அவள் இலை இல்லை, நான் போட்ட பூண்டு, அவள் மேல் பழி போட்டது நான்தான் என்று சொன்னேன். திட்டுவார்கள், மூஞ்சியில் துப்பினாலும் துப்பட்டும் என்று நின்றேன்.

டீக்கடைக்காரர் மெல்லச் சிரித்தார். "பூண்டு தின்னு எதாச்சும் சாகுமாண்ணே? மனுசன் மருந்தா திங்கிறது."

"இல்லய்யா, நத்தைக்கு ஆகாது. நான்தான் போட்டேன். என் கையால."

"அவ வந்து அழுதாளாக்கும்?" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். "படுத்துக் கெடக்குற புருசன வச்சுக்கிட்டுப் பாவம்தான், அதுக்காக நீங்க பழிய ஏத்துக்கிறதா?"

நான் கத்தினேன். டின்னைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன், மேல்மலை வியாபாரியைக் கேளுங்கள் என்றேன், ஆண்டவர் சத்தியமாக என்றேன். கத்தக் கத்த அவர்கள் முகத்தில் என்மேல் இரக்கம் கூடிக்கொண்டே போனது. அடுத்தவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள இந்தக் காலத்தில் யார் வருவார்கள் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவளிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார்கள்.

கிளம்பும்போது டீக்குச் சில்லறையை நீட்டினேன். கடைக்காரர் என் கையை மூடிப் பிடித்துக்கொண்டு, "ஒங்களமாதிரி மனுசன்ட்ட இன்னிக்கிக் காசு வாங்க மாட்டேண்ணே" என்றுவிட்டார்.